முதுகு காட்டியிருந்த பூனை

அறுபதுகளின் தொடக்கத்தில் கலியாணம் முடித்து, மல்லாவிப் பக்கம் கணவருக்கு அரசாங்கம் கொடுத்திருந்த குடியேற்றக் காணிக்கு வந்தேன். கொழும்பில் வேலை செய்த என் அண்ணன் கலியாணப் பரிசாக ஒரு படத்தைக் கண்ணாடி போட்டு அனுப்பியிருந்தார். மேசையைச் சுற்றிக் கதிரைகளில் அமர்ந்து பூனைகள் தேத்தண்ணீர் குடிக்கின்றன. ஒன்றுக்கு மூக்குக்கண்ணாடி, இன்னொன்றுக்குப் பூ வைத்த தொப்பி. சாம்பல் நிறப் பூனை ஒன்று மட்டும் எல்லோருக்கும் முதுகைக் காட்டியபடி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் அதைச் சுவரில் மாட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. எதற்குமே அவர் ஒன்றும் சொல்வதில்லை. விடிய வயலுக்குப் போவார், மத்தியானம் வந்து சாப்பிடுவார், கையைக் கழுவிக்கொண்டு எழும்பிவிடுவார். என்னைப் பிடிக்காமல்தான் கட்டினாரோ என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

ஒருநாள் சைக்கிளில் துணி விற்க வரும் முல்லைத்தீவு முஸ்லிம் நானா தண்ணீர் கேட்டு வந்தவர், படத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"தங்கச்சி, அந்தச் சாம்பல் பூனைதான் மாப்பிள்ளை. பொம்பிளை பாக்க வந்திருக்கு. வெக்கத்தில திரும்பி இருக்குது."

மத்தியானம் சோறு போடும்போது இதை அவரிடம் சொன்னேன். பிறகு, அவருக்கு உறைக்கட்டும் என்றே, "எனக்கெண்டா அப்பிடித் தெரியேல்லை. அங்க இருக்கிற ஒருத்தரையும் அதுக்குப் பிடிக்கேல்லை" என்றேன்.

அவர் பிசைந்த சோற்றை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்தார்.

"இல்லை. மற்றதுகளுக்குக் கதைக்கத் தெரியும். அதுக்கு என்ன கதைக்கிறதெண்டு தெரியேல்லை. அதுதான் வெளியால பாக்குது."

அகப்பையைச் சட்டிக்குள் வைத்துவிட்டு நானும் படத்தைப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீர் கனநாளா என்னைப் பற்றியும் இப்பிடித்தான் நினைச்சுக் கொண்டிருந்தனீரோ?"

"ஓம்."

"காடு வெட்டின காலம் முழுக்க இஞ்ச தனியத்தான் இருந்தனான். மாடுகளோடதான் கதை. அதுகள் மறுமொழி சொல்லுறேல்லைத்தானே. அப்பிடியே பழகிப் போச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். குடிலில் படுத்த முதல் மழைக்காலத்தையும், யானை வந்து வாழைகளைச் சரித்துவிட்டுப் போனதையும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கையில் சோறு காய்ந்துபோனது.

அதன்பிறகும் அவர் பெரிய பேச்சுக்காரராகிவிடவில்லை. ஆனால் வயலிலிருந்து வரும்போது ஏதாவது ஒரு புதினச் செய்தி கொண்டுவருவார். குளத்தில் தண்ணீர் ஏறியது, பக்கத்துக் காணிக்காரரின் பசு கன்று போட்டது என்று அப்படி ஏதாவது. சில நாட்களில் நான் சமைத்துக்கொண்டிருக்கும் குசினி வாசலில் வந்து நிற்பார்.

"இண்டைக்குப் புதினம் ஒண்டுமில்லை" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போவார்.