மீட்டரக்கா நுழைந்த பின்கதவு

அவளை ஊரே மீட்டரக்கா என்றுதான் கூப்பிடும். பதினான்கு வருடமாக வீடு வீடாக, கடை கடையாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வருவது அவள் வேலை. சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் மீட்டர் பின்பக்கம், சமையல்கட்டுச் சுவரில் இருக்கும். அதனால் எந்தக் கடையில் என்ன கொதிக்கிறது என்பது அவள் மூக்குக்கு அத்துப்படி. ஆனால் ஒன்றில்கூட முன்பக்கம் போய் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. வீட்டிலேயே கணவர் சமையல்காரராக இருக்கும்போது வெளியே எதற்கு?

அந்தச் சமையல்காரர்தான் இப்போது அவளுடைய கவலை. முப்பது வருடம் ஆலை கேன்டீனில் நானூறு பேருக்கு ஆக்கிப்போட்ட மனுஷர், ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து கரண்டியைத் தொடவில்லை. அவள் சமைத்துப் போட்டாலும் இரண்டு வாய்தான், தட்டைத் தள்ளிவிடுவார். மூன்றே மாதத்தில் சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியதாயிற்று. உடம்பில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். ஒன்றுமில்லாததற்கு எந்தக் கடையில் மருந்து வாங்குவது?

"சனிக்கிழமை மத்தியானம் வெளிய சாப்பிடலாம், வாங்க," என்று கெஞ்சினாள்.

"அடுப்பைப் பாக்காத இடத்துல நான் கை நனைக்கறதில்ல."

ஆனாலும் வந்தார். முதல் சனிக்கிழமை, மேசையைத் தடவிப் பார்த்துவிட்டு எழுந்துகொண்டார். அடுத்த சனிக்கிழமை வேறு கடை. "அடுப்பைக் காட்டுங்க" என்று அவர் கேட்டதும், பரிமாறுகிறவர் சமையல்கட்டுக் கதவைச் சாத்திவிட்டார்.

மூன்றாவது சனிக்கிழமை, இவர் இப்படியே கரைந்துவிடுவாரோ என்ற பயத்தோடு அவருடன் நடந்துகொண்டிருந்தாள். கால் பழக்கப்பட்ட சந்துக்குள் திரும்பியது. பின்கதவைத் தள்ளி, தலையை நிமிர்த்தி, மீட்டரைப் பார்த்த பிறகுதான் செய்த காரியம் உறைத்தது.

அடுப்படியில் நின்ற கடைக்காரி சிரித்தாள். அந்தக் கடையில் சமையல் அவள், பரிமாறுவது அவள் கணவன். வேறு ஆள் கிடையாது.

"என்ன மீட்டரக்கா, முந்தாநாள்தானே எடுத்துட்டுப் போனீங்க. அதுக்குள்ள ஓடிருச்சா?"

"கால் பாட்டுக்கு வந்துருச்சும்மா. சாப்பிடத்தான் வந்தோம். இவர் என் வீட்டுக்காரர். முன்பக்கமாப் போறோம்."

அவர் நகரவில்லை. ஈரத்துணி மூடிய கீரை, தணிந்து எரியும் அடுப்பு, தேய்த்துக் கவிழ்த்த பாத்திரம் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு உள்ளங்கையை நீட்டினார். கடைக்காரி கரண்டியை எடுத்தாள். மீன் குழம்பு ஒரு சொட்டு அதில் விட்டாள்.

"உப்பு ஒரு கல்லு கம்மி," என்றார்.

"தெரியும்ணே. எங்க வீட்டுக்காரருக்குப் பிரஷர். அவருக்குன்னு தனிக் குழம்பு வைக்க எனக்கு நேரமேது?"

"அதுக்காக ஊருக்கே பத்தியமா?"

"இதுவரைக்கும் யாரும் திரும்ப வராம இருந்ததில்லைண்ணே."

அவர் சிரித்துவிட்டார். மூன்று மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்ட மீட்டரக்கா, கண்ணில் புகை பட்டதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நான் இங்கயே உக்காந்துக்கட்டுமா?"

"வேர்க்கும்ணே."

"வேர்க்கட்டும்."

ஒரு முக்காலி வந்தது. மடியில் தட்டு. முப்பது வருடமும் அவர் அப்படித்தான் சாப்பிட்டிருக்கிறார்: கொதிக்கிற உலைக்குப் பக்கத்தில், வெளியே தட்டுகள் ஓசைப்படும்போது. வீட்டுக் கூடத்தின் அமைதியில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. இது எந்த டாக்டருக்குத் தெரியும்? அவர் எத்தனை முறை வாங்கிச் சாப்பிட்டார் என்று அவள் பார்க்கவில்லை. தன் கண்ணே பட்டுவிடுமோ என்று பயம்.

"நீங்க ஏன்க்கா நிக்கறீங்க? முன்னாடி போய் உக்காருங்க," என்றாள் கடைக்காரி.

இத்தனை வருடம் திறக்காத உள்கதவைத் திறந்துகொண்டு போனாள். நீலச் சுவர், ஐந்தே மேசை, ஜன்னல் வழியாகத் தெரு. இவ்வளவு அழகான இடமா என்று நின்றுவிட்டாள்.

"என்ன வேணும்க்கா?" என்றார் கடைக்காரியின் கணவர்.

"உள்ள அவர் சாப்பிடறதையே எனக்கும் குடுங்க."

முதல் வாய் உள்ளே போனதும் அவளுக்குப் பசி கிளம்பியது. அப்போதுதான் தெரிந்தது: மூன்று மாதமாக அவர் தட்டைத் தள்ளும்போதெல்லாம் அவளும் தன் தட்டை மூடி வைத்திருக்கிறாள்.

உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது.

"குழம்பு மட்டும் இன்னொரு கரண்டி விடும்மா. மீன் வேண்டாம், வர்றவங்களுக்கு இருக்கட்டும்."

அவள் தட்டை இன்னும் கிட்டத்தில் இழுத்துக்கொண்டு, அவசரமில்லாமல் சாப்பிட்டாள்.