ஜீப்பில் வந்தேன் என்று சொன்னவள்

விடிகிற நேரத்தில் கூடலூர் கடைத்தெருவில் நின்றால் ஏலத்தோட்ட ஜீப்புகள் வரிசையாகக் கிளம்புவதைப் பார்க்கலாம். குமுளி மலை ஏறி, கேரளத்துப் பக்கம் உள்ள ஏலக்காய்த் தோட்டங்களில் பெண்களை இறக்கிவிட்டு, சாயங்காலம் அதே பெண்களைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும் ஜீப்புகள் அவை. அப்படி ஒரு ஜீப்பில்தான் ராஜாத்தி பல வருஷமாக வேலைக்குப் போய்வந்தாள். ஜீப் விஜயகுமாருடையது. அவருக்கு ஊரில் உரக்கடையும் உண்டு.

காய் எடுப்பில் ராஜாத்தி கெட்டிக்காரி. ஏலச்செடியின் அடியில் தரையோடு படர்ந்து கிடக்கும் சரத்தில் முற்றியதை மட்டும் பார்த்து, பிஞ்சுக்குச் சேதம் வராமல் விரலால் கிள்ளி எடுக்க வேண்டும். ஆனால் தோட்டத்தில் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது விரல் அல்ல, வாய். அந்தக் கூட்டத்தில் மலையாளத்தில் சண்டை போடத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். எடை குறைத்துப் போட்டால், மழைக்கு ஒதுங்கிய நேரத்தைக் கணக்கில் கழித்தால், சூப்பர்வைசர் முன்னால் போய் நிற்பது அவள்தான்.

அந்த ஜீப்புக்கு டிரைவராகக் கர்ணனைக் கொண்டுவந்ததும் அவள்தான். நல்லகண்ணுவுக்கு, அதாவது ராஜாத்தியின் கணவருக்கு, அவன் தூரத்துச் சொந்தத்தில் தம்பி முறை. வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தான். லைசென்ஸ் இருந்தது. "நம்ம பையன்தாண்ணே, ஏத்திவிடுங்க" என்று விஜயகுமாரிடம் அவளே போய்ச் சொன்னாள். அவனும் நன்றாகத்தான் ஓட்டினான். மழை பெய்தால் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டுத்தான் பெண்களை ஏறச் சொல்வான்.

குடி எப்போது வந்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. பெண்களைத் தோட்டத்தில் இறக்கிவிட்டுச் சாயங்காலம்வரை காத்திருக்கும் வேலை அது. காத்திருக்கிற இடத்தில் கூட்டாளிகள் சேர்ந்தார்கள். ஒருமுறை முத்துலட்சுமி விஜயகுமாரிடம் போய்ச் சொல்லியும் பார்த்தாள். முத்துலட்சுமி ராஜாத்தியின் பக்கத்துத் தெரு, ஜீப்பில் எப்போதும் பக்கத்து இடம். விஜயகுமார் சிரித்துக்கொண்டே, "குளிருக்கு ஒரு வாய் ஊத்திருப்பான். வண்டி ஒழுங்காத்தான வருது?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் கர்ணன் ஜீப்பில் ஏறும்போதே வாடை அடித்தது. "மூஞ்சியக் கழுவிட்டு ஏறுப்பா" என்றாள் முத்துலட்சுமி. அவன் சிரித்தான். யாரும் இறங்கவில்லை. மலை இறக்கத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் வந்தபிறகு, ஒரு கொண்டை ஊசி வளைவில் திருப்ப வேண்டிய நேரத்தில் அவன் திருப்பவில்லை. ஜீப் பக்கச் சுவரில் உராய்ந்து, சாய்ந்து நின்றது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பும் வீக்கமும்தான். ராஜாத்தி விழாமல் இருக்கப் பக்கக் கம்பியைப் பிடித்திருந்தாள். கம்பிக்கும் சுவருக்கும் நடுவில் அவள் வலது கை சிக்கிக்கொண்டது.

கர்ணன் இறங்கி அவள் கையைப் பார்த்தான். பிறகு காட்டுக்குள் ஓடிவிட்டான்.

பின்னால் வந்த ஒரு காய்கறி வண்டிக்காரர் அவளைக் கம்பம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நல்லகண்ணு வருவதற்குள் விஜயகுமார் வந்துவிட்டார். டாக்டர் பெயரையும் வயதையும் கேட்டு எழுதிக்கொண்டே, "எப்படி அடிபட்டுச்சு?" என்றார்.

விஜயகுமார் முந்திக்கொண்டார். "தோட்டத்துல வழுக்கி விழுந்துட்டாக சார். கல்லு இடுக்குல கை மாட்டிக்கிருச்சு."

வலியில் ராஜாத்திக்குப் பாதி நினைவுதான் இருந்தது. ஆனாலும் அந்த வார்த்தை காதில் விழுந்தது. பின்னால் அவளே என்னிடம் சொன்னாள், அந்த நேரத்தில் வழக்கு, நஷ்டஈடு எதுவும் மனசில் இல்லை என்று. தன் கையைப் பற்றி இன்னொரு ஆள் பொய் சொல்கிறார் என்ற கோபம் மட்டும்தான் வந்ததாம்.

"இல்ல சார்" என்றாள். "ஜீப்புல வந்தேன். டிரைவர் செவுத்துல விட்டுட்டான். குடிச்சிருந்தான்."

டாக்டர் நிமிர்ந்து விஜயகுமாரைப் பார்த்தார். "நீங்க வெளிய இருங்க" என்று சொல்லிவிட்டு, அவள் சொன்னதை அப்படியே எழுதினார்.

அங்கிருந்து தேனி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அறுவை சிகிச்சை நடந்தது. கை தப்பியது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும் பிறகு மடங்கவில்லை. போலீஸ்காரர் வார்டுக்கே வந்து வாக்குமூலம் வாங்கினார். அவரிடமும் அதையேதான் சொன்னாள். கர்ணன் மறுநாள் மத்தியானம் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தான். அதற்குமேல் ரத்தம் எடுத்துப் பார்த்து என்ன பிரயோஜனம்? அவன் குடித்திருந்தான் என்பதற்கு ஜீப்பில் இருந்த பெண்களின் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லாமல் போனது.

அந்தப் பெண்கள் வார்டுக்கு வந்தார்கள். ஆரஞ்சும் பிரட்டும் வாங்கிக்கொண்டு வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். கொஞ்ச நேரம் கையைப் பற்றிப் பேசிவிட்டு முத்துலட்சுமிதான் விஷயத்துக்கு வந்தாள்.

"ஜீப்ப போலீஸ் ஸ்டேசன்ல நிப்பாட்டிட்டாக ராஜாத்தி. நாங்க எதுல வேலைக்குப் போறது? பிரேக்கு பிடிக்கலன்னு சொல்லிட்டா எல்லாருக்கும் நல்லதுங்காரு விஜயகுமார் அண்ணன். ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் அவரே பாத்துக்கிறாராம்."

"நீயுந்தான அங்கன இருந்த. பிரேக்கா பிடிக்கல?"

முத்துலட்சுமி ஆரஞ்சை உரிக்க ஆரம்பித்தாள்.

கர்ணனும் வந்தான். கட்டில் ஓரத்தில் நின்று அழுதான். "மதினி, உங்களாலதான் இந்த வேலைக்கே வந்தேன். லைசென்ஸ் போச்சுன்னா என் பொழப்பே போச்சு." அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவன் போனபிறகு நல்லகண்ணு, "சொந்தத்துக்குள்ள எதுக்கு? பேசி முடிச்சிருவோம்" என்றார்.

"நாந்தான் அவன அந்த வண்டில ஏத்திவிட்டேன்" என்றாள் ராஜாத்தி. "நானே மறைச்சா, நாளைக்கு அவன் இன்னொருத்தியக் கொண்டுபோய் மோதுனா அதுக்கும் நாந்தான பொறுப்பு?"

வீடு திரும்பிய பிறகு விஜயகுமாரே ஒருநாள் வந்தார். மிரட்டவில்லை. தணிவாகத்தான் பேசினார். "ஆத்தா, விவரம் தெரியாம பேசிக்கிட்டிருக்க. குடிச்சிருந்தான்னு நீ சொல்லச் சொல்ல இன்சூரன்ஸ்காரன் ஒத்தப் பைசா தர மாட்டான். உண்மையச் சொல்லி நீயே உன் வயித்துல அடிச்சுக்காத." இனி எதுவும் கேட்க மாட்டேன் என்று எழுதிய ஒரு தாளை நீட்டி, அதில் கையெழுத்துப் போட்டால் இப்போதே ஒரு தொகை தருவதாகச் சொன்னார்.

அந்தப் பேச்சுதான் அவளை அசைத்தது. உண்மையைச் சொன்னால் கிடைக்காது, பொய் சொன்னால் கிடைக்கும் என்றால் என்ன செய்வது? தாளைப் பிறகு பார்க்கலாம் என்று அவரை அனுப்பிவிட்டு, மறுநாள் உத்தமபாளையம் பஸ் ஏறினாள். கோர்ட்டிலேயே இலவச சட்ட உதவி உண்டு, பெண்களுக்கு வருமானமெல்லாம் பார்க்க மாட்டார்கள் என்று வார்டில் நர்ஸ் ஒருத்தி சொல்லியிருந்தாள்.

அங்கே அவளுக்கு அமர்த்திக் கொடுத்த வக்கீல் மகிமா. தேனி கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். கேட்டதற்குப் பதில் சொல்லும் முன்பு கொஞ்சம் யோசிக்கிற பழக்கம் உள்ளவர். ராஜாத்திக்கு அது பிடித்திருந்தது.

"இதுல ரெண்டு வழக்கு இருக்குக்கா" என்றார் மகிமா. "ஒண்ணு போலீஸ் கர்ணன் மேல போட்டது. அவனுக்குத் தண்டனையா இல்லையான்னு அதுல முடிவாகும். இன்னொண்ணு நீங்க போட வேண்டியது, உங்க கைக்கு ஈடு கேட்டு. அதை விசாரிக்கிறது விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். ஒண்ணு இழுத்துக்கிட்டே போனாலும் இன்னொண்ணு அதுக்காக நிக்காது."

"குடிச்சிருந்தான்னா இன்சூரன்ஸ் கம்பெனி குடுக்காதாம்ல?"

மகிமா யோசித்தார். "அப்படித்தான் வாதாடுவாங்க. ஆனா குடிச்சது நீங்க இல்லையே. அடிபட்டவங்களுக்குக் கம்பெனி முதல்ல குடுக்கணும், அப்புறம் வண்டி ஓனர்கிட்ட வாங்கிக்கலாம்னு நிறைய வழக்குல தீர்ப்பாகியிருக்கு. நிச்சயம் கிடைக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

ராஜாத்திக்கு அப்போதுதான் புரிந்தது. உண்மையைச் சொன்னால் அடி விழப்போவது அவள் வயிற்றில் அல்ல, விஜயகுமாரின் பையில்.

"அந்தத் தாளு?"

"போட்டுறாதீங்க. போட்டுட்டா அதுக்குமேல கேக்கிறது ரொம்பக் கஷ்டம்."

மனு போட்டாள். அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றி அவள் அதிகம் பேசுவதில்லை. ஜீப்பைக் கோர்ட் மூலமாக விடுவித்து, வேறு டிரைவர் போட்டு ஓட்டினார்கள். அது காலையில் அவள் வீட்டைத் தாண்டித்தான் போகும். உள்ளே இருப்பவர்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். கோயில் பொங்கலில் பரிமாறிக்கொண்டு வந்த முத்துலட்சுமி அவளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி கரண்டியை நகர்த்திக்கொண்டு போனாள். இடது கையால் சோறு வடிக்கவும், தலை பின்னிக்கொள்ளவும் ராஜாத்தி தனியாகப் பழகினாள்.

வழக்கை மக்கள் நீதிமன்றத்துக்கு எடுத்தார்கள். பேசித் தீர்த்துக்கொள்கிற இடம் அது. கம்பெனிக்காரர்கள் பாதிதான் தருவோம் என்றார்கள். டிரைவர் குடித்திருக்கிறான் என்று தெரிந்தே ஏறியதால் பாதித் தப்பு அவளுடையதாம். வாங்கிக்கொண்டால் அன்றைக்கே முடிந்திருக்கும். நல்லகண்ணுவுக்கு அதில் சம்மதம். ராஜாத்தி மகிமாவைப் பார்த்தாள். "முடிவு உங்களோடது" என்றார் மகிமா. அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அந்த இரவு நல்லகண்ணு பாயை எடுத்துக்கொண்டு வாசலில் போய்ப் படுத்தார்.

இதற்கிடையில் விஜயகுமார் கர்ணனையே திரும்ப ஜீப்பில் ஏற்றினார். ஜாமீனில் இருந்தான். குடித்தான் என்று நிரூபிக்க ரத்தப் பரிசோதனை இல்லாததால் லைசென்ஸ் கையில் இருந்தது. கொஞ்சநாள் ஒழுங்காக இருந்தான். பிறகு ஒரு சாயங்காலம் தோட்டத்து வாசலில் மறுபடி அதே வாடை. அன்று முத்துலட்சுமியின் மகள் கயல், கல்லூரி விடுமுறையில் காய் எடுக்க வந்தவள், ராஜாத்தி உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

முத்துலட்சுமி கொஞ்ச நேரம் மகளின் கை கம்பியைப் பிடித்திருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எறங்குடி" என்றாள். கயலோடு அவளும் இறங்கினாள். அவர்களைப் பார்த்து இன்னும் சிலர் இறங்கினார்கள். கர்ணன், "ஏய், நாளைக்கு எடம் கெடையாது பாத்துக்கங்க" என்று கத்தினான். அவர்கள் மெயின் ரோடுவரை நடந்து, இரண்டு பஸ் மாறி, இருட்டிய பிறகு கூடலூரில் வந்து இறங்கினார்கள். முத்துலட்சுமி தன் வீட்டுக்குப் போகவில்லை. நேரே ராஜாத்தி வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"கோர்ட்டுல நான் வந்து சொல்லட்டுமா?" என்றாள்.

ராஜாத்தி உடனே உள்ளே கூப்பிடவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில், "சாப்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

இரண்டு வழக்கிலும் முத்துலட்சுமி சாட்சி சொன்னாள். முன்பே விஜயகுமாரிடம் முறையிட்டதையும் சேர்த்தே சொன்னாள். தீர்ப்பாயத்தில் ராஜாத்தியைக் குறுக்கு விசாரணை செய்தபோது கம்பெனி வக்கீல் அந்தப் பழைய கேள்வியையே கேட்டார்.

"டிரைவர் குடிச்சிருந்தது உங்களுக்குத் தெரியும்?"

"தெரியும்யா."

"தெரிஞ்சும் ஏன் ஏறுனீங்க? உங்ககூட வேலை செய்றவங்க ஒருநாள் இறங்கி நடந்தாங்களே."

"என் கை போன பிறகு நடந்தாகய்யா" என்றாள் ராஜாத்தி. "அதுக்கு முந்தி எறங்க யாருக்கும் தைரியம் இல்ல. எறங்குனா மறுநாள் வேலை கெடையாது. குடிச்சவன எறக்கிவிட வேண்டியது ஓனரு. அதை விட்டுட்டு, குடிக்காத நாங்க ஏன் எறங்கலன்னு கேக்குறீங்க."

வக்கீல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

தீர்ப்பு வர மூன்று வருஷம் ஆனது. பிழைப்புக்காக அந்த வண்டியை நம்பி ஏறியவர் மேல் தப்பில் பங்கு சுமத்த முடியாது என்று நீதிபதி எழுதினார். கம்பெனி முழுத்தொகையையும் கட்ட வேண்டும், பிறகு ஓனரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றும் உத்தரவானது. விஜயகுமார் மேல்முறையீடு செய்யப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு ஜீப்பை விற்றார். கர்ணனுக்குப் போலீஸ் போட்ட வழக்கில் சில மாதச் சிறையும், லைசென்ஸ் ரத்தும். ரத்தப் பரிசோதனை இல்லாததால் குடித்து ஓட்டிய குற்றம் தனியாக நிற்கவில்லை. அஜாக்கிரதையாக ஓட்டிக் காயப்படுத்திய குற்றம் நின்றது.

ராஜாத்தியால் இப்போது காய் எடுக்க முடியாது. பெண்கள் வேறொரு ஜீப் பேசியிருக்கிறார்கள். டிரைவர் யார், எப்படி என்று விசாரித்து முடிவு செய்வது ராஜாத்தியும் முத்துலட்சுமியும்தான். மலையாளத்தில் சண்டை போட ஆள் வேண்டும் என்று அந்தப் பெண்கள் கேட்டதால், தோட்டத்தில் எடை போடுகிற இடத்தில் அவளை உட்கார வைத்திருக்கிறார்கள். கூலி முன்பைவிடக் குறைவு. விபத்தில் அடிபட்டவர்கள் வீட்டிலிருந்து யாராவது வந்து கேட்டால், ஆஸ்பத்திரியில் முதலில் கேட்கும்போதே நடந்ததை நடந்தபடி சொல்லச் சொல்லுவாள். பிறகு உத்தமபாளையத்துக்கு எந்தப் பஸ் போகும் என்று சொல்லுவாள்.

போன மாசம் கர்ணனை அவள் கம்பம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தாள். வாழைத்தார் ஏற்றுகிற வேலையில் இருக்கிறான். அவனாகவே பக்கத்தில் வந்தான்.

"மதினி, இப்ப தொடுறதே இல்ல."

"நல்லது" என்றாள். "அதை எங்கிட்ட வந்து சொல்லாத. உம் பொண்டாட்டிகிட்ட சொல்லு. அவதான் உன்னையப் பாத்துப் பயந்துக்கிட்டிருக்கா."

அவன் தலையாட்டினான். ராஜாத்தி இதைச் சொன்னபோது, அவனை மன்னித்துவிட்டாயா என்று நான் கேட்டேன். "அந்தக் கணக்கு இன்னும் எனக்கே பிடிபடல" என்றாள். "ஆனா அவனுக்காகப் பொய் சொல்லியிருந்தா, அவன் மூஞ்சியில என்னால முழிச்சிருக்கவே முடியாது."