குன்வோரின் ஆறரைத் தோட்டா

நார்வேயில் திரிசில் பக்கம் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவள் குன்வோர். கோடையில் குறி பார்த்துச் சுடும் பலகைக்கும் வேட்டைக் காலத்தில் எல்க் மானுக்கும் அவளிடம் ஒரே துப்பாக்கி, ஒரே தோட்டா: ஆறரை மில்லிமீட்டர்.

வேட்டைக்கு முன்னால் வருடாவருடம் சுடுதேர்வு உண்டு. பலகையில் வரைந்த எல்க்கின் நெஞ்சில் ஐந்து குண்டும் பட வேண்டும். அவள் தம்பி ஓட்வார், மலைக்கரடியையே சாய்க்கும் பெரிய தோட்டாவுக்கான புதுத் துப்பாக்கியோடு வந்து இறங்கினான்.

"இன்னும் அந்தக் கொசு அடிக்கிற சாமானோடதான் சுத்துறியாக்கா? எல்க் சிரிச்சிட்டே போயிடும்."

"இதால நான் சுட்டுக் குடுத்து உன் ஃப்ரீசர்ல கெடக்கிறதெல்லாம் சிரிச்சுதா?"

ஓட்வார் சுட்டான். ஐந்தில் மூன்று குண்டு நெஞ்சுக்குக் கீழே புல்லில் போய் விழுந்தது.

"துப்பாக்கி மேல இருக்கிற தொலைநோக்கி கோணலா இருக்கு" என்றான்.

"கொண்டா, நான் தோட்டா போட்டுத் தரேன்." அவனுக்கு முதுகைக் காட்டி நின்று, சுட்டு முடித்த வெற்றுத் தோட்டா ஒன்றைப் போட்டுப் பூட்டிக் கொடுத்தாள்.

அவன் விசையை இழுத்தான். 'டிக்' என்றது, வெடிக்கவில்லை. ஆனால் துப்பாக்கி உதைக்குமென்று பயந்து அவன் தோள் துள்ள, குழல்முனை சட்டென்று கீழே குனிந்தது. வரிசையில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள்.

"தொலைநோக்கி கும்பிடு போடாதுடா. நீதான் போடுற."

முகம் சிவக்க, அவளுடைய துப்பாக்கியை வாங்கி மறுபடி சுட்டான். ஐந்தும் நெஞ்சில்.

பலகையைப் பார்த்துவிட்டுக் குன்வோர் கேட்டாள்: "சிரிக்குதா?"