பதினோரு உபயதாரரும் ஒரு சரிவும்

மோகனூர் கந்தவேலுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய் எட்டு வருஷம் ஆகிறது. சத்தீஸ்கரில் போர்வெல் போடப் போன இடத்தில் ரிக் லாரி மேலிருந்து விழுந்தான். முதலாளி ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டினார், சக்கர நாற்காலி ஒன்று வாங்கிக் கொடுத்தார், அத்தோடு போனை எடுப்பதை விட்டுவிட்டார். உட்கார்ந்தபடி செய்கிற வேலையாக மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டக் கற்றுக்கொண்டான் கந்தவேல். சுற்றுவட்டாரத்தில் புகைந்துபோன மோட்டார் எல்லாம் அவன் வாசலுக்குத்தான் வரும். சோற்றுக்குக் குறைவில்லை.

குறையெல்லாம் தண்ணீருக்குத்தான். வீட்டிலிருந்து காவிரி கூப்பிடு தூரம். நாள் தவறாமல் அக்கரைக்கு நீந்திப் போய் வந்தவன், எட்டு வருஷமாக வாளித் தண்ணீரில் குளிக்கிறான். இரண்டு லாரி ட்யூபுக்கு நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியைக் கட்டி மிதவையும் செய்து வைத்துவிட்டான். அதில் ஏறிவிட்டால் அவனுக்குக் கை இரண்டும் போதும். ஆனால் தண்ணீர் வரைக்கும் வண்டியை உருட்ட வழியில்லை. வேண்டியது ஒரு சிமெண்ட் சரிவு, அவ்வளவுதான்.

"தூக்கிட்டுப் போய் உடறோம்" என்று சொன்னவர்கள் உண்டு. அவன் ஒப்பவில்லை. "நெனச்சப்ப நானாப் போவோணும், நானாத் திரும்பி வரோணும். மூட்டையாட்டம் போறதுக்கு நான் ஊட்லயே இருந்துக்கறேன்" என்று மனைவி வசந்தாமணியிடம் சொல்லிவிட்டான்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு சேவைச் சங்கம். தலைவர் தீனதயாளன், கோழித்தீவன மில்காரர். சேவை என்றால் அவருக்கு உயிர். போட்டோக்காரர் வந்து சேரும் வரைக்கும் அந்த உயிரை அவர் வெளியே எடுக்க மாட்டார். நடக்க முடியாதவர்களுக்கு ஆற்று விளையாட்டு என்று சங்கம் நிதி திரட்டுவதைக் கேள்விப்பட்டு, மேஸ்திரி மாதையனிடம் சரிவுக்கு அளவு எழுதி வாங்கிக்கொண்டு போனான் கந்தவேல். ஆபீஸ் மாடியில். லிஃப்ட் கிடையாது. தலைவர் இறங்கி வந்து பேசினார், அதையும் அன்றைய சேவையில் சேர்த்துக்கொண்டார்.

"நீ ஒண்ணும் ரோசனை பண்ணாத சாமி. உன்ற படத்தைப் போட்டுத்தான் வசூலே பண்ணப் போறோம்."

"படம் கெடக்குதுங்ண்ணா. பன்னண்டடிக்கு ஒரடிதான் எறங்கோணும். இல்லீன்னா வண்டி நிக்காதுங்க."

"எல்லாம் பண்ணிரலாம்" என்றார் தீனதயாளன், காகிதத்தைப் பிரிக்காமலே.

தலைவரையும் சேர்த்துப் பதினோரு பேர் நிதி கொடுத்தார்கள். நம் பக்கத்தில் கொடுத்தவர் பேரைக் கல்லில் வெட்டியாக வேண்டும். பஸ் ஸ்டாப் பெஞ்சில் சாய்ந்தால்கூட எவரோ ஒருவர் பேர் முதுகில் அழுத்தும். சரிவு என்பதோ ஒரே பாளம். அதில் பதினோரு பேரை எங்கே வெட்டுவது? மொத்தமாக ஒரு கல்வெட்டு வைக்கலாமென்றால், முதல் பேர் யாருடையது என்று இரண்டு கூட்டம் சண்டையிலேயே முடிந்தது. மூன்றாவது கூட்டத்தில் தலைவருக்கு மூளை வேலை செய்தது. ஆளுக்கு ஒரு கிரானைட் படி. எந்தப் படி யாருக்கு என்பதற்குச் சீட்டுக் குலுக்கிக்கொள்ளலாம். என்ன மூளை, என்ன மூளை! பதினோரு பேரும் கை தட்டினார்கள். படியில் சக்கரம் எப்படி இறங்கும் என்று கேட்க அந்தக் கூடத்தில் ஒரு ஜீவனுக்கும் தோன்றவில்லை. காலிருக்கிற பெரிய மனிதர்கள், அவர்களுக்கு எதற்குத் தோன்றப்போகிறது?

சேலத்து ஆட்கள் ஆற்றங்கரையில் தகரம் அடைத்து மறைவாக வேலை பார்த்தார்கள். திறப்பு விழாவுக்கு விருந்தாளிகளின் கார் வருவதற்காகக் கரை வரைக்கும் கிராவல் கொட்டியிருந்தார்கள். அதில் வண்டியை உருட்டிக்கொண்டு கந்தவேலும் போனான். மிதவையை வசந்தாமணி கொண்டுவந்தாள். அவனுக்கு ஒரு சால்வையைப் போர்த்திவிட்டு, நாடாவை வெட்டித் திரையை விலக்கினார்கள். தண்ணீர் வரைக்கும் பளபளவென்று பதினோரு படி, படிக்கொரு பேர் தங்க எழுத்தில்.

"சரிவு எங்கீங்ண்ணா?"

"படி எப்படி இருக்குது பாரு. நாலு பசங்களை வரச்சொல்லிருக்கறேன், உன்னையத் தூக்கி எறக்கிருவாங்க. போட்டோவுக்கும் நல்லா இருக்கும்."

கந்தவேலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டு வருஷம் காத்ததற்கு, கடைசியில் மூட்டைதான். கை நீட்டிய நாலு பேரையும் விலக்கினான். உணர்ச்சியில்லாத உடம்பு கல்லில் உரசினால் புண்ணாவதுகூடத் தெரியாது. ஒருமுறை அப்படி வந்த புண்ணுக்கு ஆறு மாதம் குப்புறக் கிடந்தவன் அவன். சால்வையை மடித்து முதல் படியில் போட்டான், நாற்காலியிலிருந்து அதன்மேல் இறங்கினான்.

ஜவுளிக்கடைக்காரர் பேர் மேல் உட்கார்ந்தான். கையை ஊன்றி, சால்வையை இழுத்துப் போட்டு, அடுத்ததாக ஸ்கேன் சென்டர் டாக்டர் பேர் மேல் உட்கார்ந்தான். இப்படியே ஒவ்வொருவராக. போட்டோக்காரரின் கேமரா தானாகத் தாழ்ந்தது. சீட்டில் கடைசிப் படி விழுந்திருந்தது தலைவருக்கு. அதன்மேல் சவுகரியமாக உட்கார்ந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான்.

வசந்தாமணி மிதவையைப் பிடித்துக்கொண்டாள். ஏறி, ஒரே தள்ளு. விலாவில் தண்ணீர் பட்டதும் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு, இரண்டு கையாலும் துழாவி ஆழத்துக்குப் போனான்.

"போதும் சாமி, மேல வா. சாப்பாட்டுக்கு நேரமாச்சு" என்று தீனதயாளன் கரையிலிருந்து கூப்பிட்டார்.

தூக்க வந்த நாலு பேரும் முழங்கால் தண்ணீரோடு நின்றுவிட்டார்கள். ஒருத்தனுக்கும் நீச்சல் தெரியாது.

"நீங்க போய்ச் சாப்புடுங்ண்ணா" என்றான் கந்தவேல். "மேல வர்றதுக்குச் சரிவு போட்டு முடிச்சதும் சொல்லி உடுங்க, வாரேன்."