மைமூனின் சிவப்பு நாற்காலி

பெருமாட்டியில் வகுப்புக்கு வந்தவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் சிவப்பு நாற்காலியை நடுவில் வைத்துக்கொண்டிருந்தபோது மைமூனின் தம்பி போன் செய்தார். "சார், அக்கா மவுத்தாயிட்டாங்க. அஸர் தொழுகை முடிஞ்சு அடக்கம்" என்றார். திரும்பி எல்லோரிடமும், "மைமூன் மேடம் இறந்துட்டாங்க" என்றேன். தவறிவிட்டார், நம்மைவிட்டுப் போய்விட்டார் என்றெல்லாம் சுற்றி வளைத்திருந்தால் மைமூனுக்குக் கெட்ட கோபம் வந்திருக்கும். "ஏனுங்க சார், போன வாரங்கூட எங்கூடப் பேசுனாங்களேங்க" என்று ஓர் அங்கன்வாடி டீச்சர் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

பாலக்காட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பம் அவருடையது. வீட்டில் எல்லோரும் துணியை அளக்க, இவர் மட்டும் குழந்தைகளின் மனநலம் படிக்கப் போனார். பிறகு, குழந்தைகளோடு வேலை செய்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதையே தன் வேலையாக்கிக்கொண்டார். அங்கன்வாடிக்காரர்கள், நர்ஸ்கள், எஸ்டேட்டில் கிரெச் என்ற குழந்தைக் காப்பகம் பார்க்கும் பெண்கள், என்னைப் போன்ற ஆலோசகர்கள் எல்லோருக்கும் ஒரே வகுப்பு. சித்தூரிலிருந்து சாந்தன்பாறை வரை நாங்கள் இருவரும் சேர்ந்து நடத்தினோம். திரையில் படம் போட்டுப் பாடம் எடுப்பது அவருக்கு அறவே ஆகாது. அங்கன்வாடிப் பிள்ளைகள் உட்காரும், எங்கள் வண்டியிலேயே ஊர் ஊராக வரும் ஒரு சின்னச் சிவப்பு நாற்காலி போதும். அதில் ஒரு பிள்ளை இருப்பதாக நினைத்துக்கொண்டு, சொல்லவே கஷ்டமான ஒரு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

"வாயில வராதது வேலைக்கு ஆவாது சாரே" என்பார். என் முறை வந்த முதல் நாள் எனக்குக் கொடுத்த வாக்கியம், "உங்கம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க, எப்ப வருவாங்கன்னு எனக்குத் தெரியாது" என்பதுதான். நான் வானிலையில் ஆரம்பித்து, பள்ளிக்கூடம், பலகாரம் என்று ஊரைச் சுற்றிவிட்டு வந்தேன். மைமூன் நாற்காலியை எட்டிப் பார்த்து, "சாரே, பிள்ளை தூங்கிடுச்சு" என்றார். வகுப்பே சிரித்தது. சொல்லிப் பார்க்கும்போது அழுகிறவர்களும் உண்டு. அவர்களைச் சமாதானப்படுத்த மாட்டார். அந்த நாற்காலியையே அவர்கள் பக்கம் தள்ளி, "உக்காந்து அழுங்க, அவசரமில்ல" என்பார். அதில் உட்கார்ந்து அழுதவர்கள், அவர் வகுப்புக்கு வந்த நம்மில் நிறையப் பேர்.

கைக்குழந்தைக்கு என்ன தெரியும் என்று யாராவது கேட்டால் மட்டும் அவர் குரல் ஏறும். ஒருமுறை வகுப்புக்கு ஒரு தாய் இடுப்புக் குழந்தையோடு வந்திருந்தார். குழந்தையின் அப்பா கொஞ்ச நாளுக்கு முன்புதான் துபாய் போயிருந்தார். வெளியே பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் குழந்தை பால் குடிப்பதை விட்டுவிட்டு வாசலைப் பார்த்தது. "இப்பப் பாருங்க" என்று மைமூன் எங்களை வாயடைக்க வைத்தார். மறுபடி ஒரு பைக் வந்தது, மறுபடியும் குழந்தை திரும்பியது. "பேச்சு வரலேன்னா நெனப்பும் இல்லேன்னு யாரு சொன்னா உங்களுக்கு?" என்றார். அந்தத் தாய் அன்றைக்கே குழந்தையிடம், "அப்பா தூரத்துல இருக்காரு, இது வேற ஆளு வண்டிடா கண்ணு" என்று பேச ஆரம்பித்தார்.

சாந்தன்பாறை அபிநயாவை உங்களில் சிலருக்குத் தெரியும். அவள் அப்பா மரம் விழுந்து இறந்தார். ஆறு வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், போடிக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டார்கள். நம் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான் இது. செத்தவர்களை ஏதாவது ஓர் ஊருக்கு அனுப்பிவிடுவோம். கிரெச் பார்க்கும் பேச்சியம்மாள்தான் வகுப்பில் சொன்னார்: "தெனமும் சாயந்தரம் போடி ஜீப்பு வர்ற எடத்துல போயி நிக்கா மேடம். சோறும் திங்க மாட்டேங்கா." மைமூன் அவள் அம்மா செல்வியை வரவழைத்தார். நாற்காலிக்கு முன்னால் செல்வி திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். பிறகு மைமூன் பக்கத்தில் இருக்க, மகளிடம் தன் வாயாலேயே சொன்னார். "அப்பம் போடியில யாரு இருக்கா?" என்று கேட்டாள் பிள்ளை. யாரும் இல்லை என்றதும் அம்மாவை அடி அடியென்று அடித்தாள். மைமூன் தடுக்கவில்லை. அடித்து ஓய்ந்து அழத் தொடங்கியவளிடம் அந்த நாற்காலியைத் தள்ளினார். அதன் பிறகு அவள் ஜீப்புக்காகப் போய் நிற்கவில்லை.

தனக்கு நோய் என்று தெரிந்ததும் மைமூன் பேரனைக் கூப்பிட்டு, "நன்னிக்கு ஒடம்பு சரியாவாது, நான் மவுத்தாயிடுவேன்" என்று சொல்லிவிட்டார். வீட்டில் பெரிய ரகளை. நான்கூட, இது கொஞ்சம் அதிகப்படி இல்லையா என்று கேட்டேன். "வகுப்புல மட்டும் வீரம் பேசவா சாரே நான்?" என்றார். அடக்கத்தன்று அந்தப் பையன் அழுதான். யாரையும் எதுவும் கேட்கவில்லை. பெரியவர்கள்தான் ஒருவரையொருவர் நம்பமுடியாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதற்கடுத்த வாரம் சாந்தன்பாறை வகுப்பு. வண்டியிலிருந்து நான் மட்டும் இறங்குவதைப் பார்த்து அபிநயா ஓடிவந்தாள். மாதாமாதம் மைமூனுக்காகக் காத்திருப்பவள். பேச்சியம்மாள் என்னை ஓரமாக இழுத்து, "பாலக்காட்டுல வேலையா இருக்காகன்னு சொல்லிருவமா சார்? பாவம், ஏற்கெனவே அப்பன் இல்லாத பிள்ள" என்றார். இத்தனை வகுப்புக்குப் பிறகும்! ஆனால் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை, அதே பொய் என் நாக்கு நுனியிலும் இருந்தது. இதைச் சொன்னால் இன்னொரு சாவு, சொல்லாவிட்டால் இன்னொரு போடி. குனிந்து அவள் கண்ணைப் பார்த்தேன். "மைமூன் மேடம் செத்துப்போயிட்டாங்க பாப்பா. இனி வரமாட்டாங்க" என்றேன். வானிலை, பலகாரம் எதுவும் இல்லை.

அவள் நான் வந்த வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு, "அவுக வீட்டுப் பிள்ளைட்ட நெசத்தச் சொல்லியாச்சா?" என்று கேட்டாள்.

"சொல்லியாச்சு. மேடமே சொல்லிட்டாங்க."

"அப்பம் சரி" என்றாள். என் கண்ணைப் போலவே அவள் கண்ணிலும் நீர் தளும்பியிருந்தது. வண்டிக்குள் ஏறி அந்தச் சிவப்பு நாற்காலியை இழுத்துவந்து என் முன்னால் போட்டாள்.

"ஒக்காந்து அழுங்க சார், அவசரமில்ல."

என் உடம்புக்கு அந்த நாற்காலி காணாது. ஆனாலும் உட்கார்ந்தேன், அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மைமூனிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த நாற்காலியைத்தான். அடுத்த வகுப்பிலும் அதை நடுவில் வைப்பேன்.