ஒரே ஒரு ரீஸ்டார்ட்

மலேசியாவின் கிள்ளானில் எங்கள் அலுவலகத்து சர்வரைப் பார்த்துக்கொண்டவர், தேநீர் எடுக்கத் திரும்பினாலும் திரையைப் பூட்டிவிட்டுத்தான் திரும்புவார். பார்சல்களுக்கு லேபிள் அச்சிடுவது நின்றால், அவர் வந்து சரிசெய்யும்வரை நான் கிளம்ப முடியாது. குழந்தைகள் காப்பகத்தில் என் மகள் மட்டும் மிச்சமிருப்பாள்.

"அண்ணே, பிரிண்டிங்கை மட்டும் ரீஸ்டார்ட் பண்ண எனக்கு பெர்மிஷன் குடுங்க."

"இன்னைக்கு அது. நாளைக்கு முழு சர்வரையும் கேப்பீங்க லா."

அவர் விடுப்பில் இருந்த ஒரு மாலை மறுபடி நின்றது. போன் செய்தேன்.

"கீபோர்டுக்கு அடியில என் பாஸ்வேர்ட் ஒட்டியிருக்கும்மா. அதுல போயி பண்ணிருங்க."

முழு சர்வரும் என் கையில். வேறெதையும் தொடாமல் பிரிண்டிங்கை மட்டும் ஓடவிட்டு, மகளிடம் ஓடினேன்.

அவர் திரும்பி வந்ததும் மறுபடி அனுமதி கேட்டேன். திரையைப் பூட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ரிஸ்க்மா. யோசிக்கணும்."

பாஸ்வேர்ட் எழுதிய காகிதம் கீபோர்டுக்கு வெளியே சற்று நீட்டிக்கொண்டிருந்தது.