பயணத்தைக் குறைத்துக்கொள்ளலாமே

பள்ளி வேன் ஓட்டும் அந்த அக்காவுக்கு வீட்டில் ஒரு பட்டப்பெயர் உண்டு: ஓட்டைக் கை. வைத்தவர் கணவர். சோபா தைக்கிறவர், நூலைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுகிறவர். "உன் கையில காசு நிக்கவே நிக்காது. காலையில வந்தா சாயங்காலம் காணோம்" என்பார். அவள் சிரித்துவைப்பாள். ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்று குத்தும், ஏனென்றால் அவளும் அதை நம்பினாள். இருபத்திரண்டு பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறாள், துணிக்கடைப் பக்கம் எட்டிப் பார்த்தே ஒரு வருஷமாகிறது, இருந்தும் மாதக் கடைசியில் கை காலி. எங்கேதான் போய்த் தொலைகிறது அந்தப் பணம்?

போன மாதம் வரை அது வெறும் வீட்டுக் கேலி. இந்த மாதம் அது கேலியாக இல்லை. வேன் அவளுடையது இல்லை, மூன்று வருஷமாக வாடகைக்கு ஓட்டுகிறாள். வண்டி முதலாளி கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "வித்துடப் போறேம்மா. காய்கறி மண்டிக்காரர் கேக்குறாரு. நீ மூணு வருஷமா ஓட்டுறவ, உனக்குத்தான் முதல்ல. பத்து நாள்ல ஒண்ணு இருபது முன்பணம் கட்டு, மிச்சத்த மாசாமாசம் குடு. இல்லேன்னா அவருக்குத்தான்." ஒரு லட்சத்து இருபதாயிரம்! அவள் வங்கிக் கணக்கில் இருந்தது முப்பத்தோராயிரம். வேன் போனால் இருபத்திரண்டு பிள்ளைகளும் போச்சு, பிழைப்பும் போச்சு.

பல்பொருள் கடையில் பில் போடும் மகள்தான் செலவுக் கணக்கு பார்க்கும் ஓர் ஆப்பை அம்மாவின் போனில் இறக்கினாள். "அழுது புண்ணியமில்லம்மா. முதல்ல காசு எங்க போகுதுன்னு பாப்போம்." வங்கியிலிருந்து வந்த பழைய குறுஞ்செய்திகளையெல்லாம் அது தானே படித்துக்கொண்டது. முப்பது மாதச் செலவு, அறுநூற்றுச் சொச்சம் வரிகள். எல்லாவற்றையும் தன் இஷ்டத்துக்குப் பிரித்துப்போட்டுவிட்டு, பெரிய மனுஷத் தோரணையில் ஓர் அறிவுரையும் சொன்னது: 'உங்கள் வருமானத்தில் பெரும்பகுதி பயணத்துக்குச் செலவாகிறது. பயணத்தைக் குறைத்துக்கொள்ளலாமே!'

அவளுக்கு வந்ததே கோபம். "குறைச்சுக்கறேன்டா ராசா! இருபத்திரண்டு பிள்ளைங்களையும் நீ தோள்ல தூக்கிட்டுப் போறியா?" என்று போனைப் பார்த்துக் கத்தினாள். கணவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

கோபம்தான் அவளை உட்காரவைத்தது. பிள்ளைகளை இறக்கிவிட்டால் மாலை வரை வேன் பள்ளிச் சுவரோரம் நிற்கும். மற்ற ஓட்டுநர்கள் சீட்டைச் சாய்த்துக் குறட்டை விட, அவள் ஸ்டியரிங்கில் போனைச் சாத்திவைத்து ஒவ்வொரு வரியாகப் பிரித்தாள். டீசல் ஒரு பக்கம், வண்டி வாடகை ஒரு பக்கம், மளிகை ஒரு பக்கம், மகள் படிப்புக்கு வாங்கிய கடன் ஒரு பக்கம். நாலாவது நாள் மத்தியானம் 'பயணம்' என்ற அந்தப் பாழாய்ப்போன தலைப்பில் டீசலும் வாடகையும் போக மிச்சம் கிடந்தவற்றைப் பார்த்தாள். டயர்க் கடை. பேட்டரிக் கடை. மெக்கானிக். மறுபடி மெக்கானிக். கிளட்ச் மாற்றியது, பிரேக் மாற்றியது, சைலன்சர் விழுந்ததால் புதுசு போட்டது.

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. பஞ்சர், பல்பு மாதிரிச் சில்லறைச் செலவு அவளுடையது, பெரிய செலவு முதலாளியுடையது. அதுதானே பேச்சு? ஒவ்வொரு தடவையும் அவர் சொன்னது அப்படியே காதில் கேட்டது: "இப்ப நீ போட்டுடும்மா, வாடகையில கழிச்சுக்கலாம்." கழித்தாளா? 'வண்டி வாடகை'யைத் திறந்தாள். முப்பது மாதமும் ஒரே தொகை, ஒரு காசு குறையவில்லை. கேட்டால் என்ன நினைப்பாரோ என்று முகதாட்சண்யம் பார்த்தே விட்டுத் தொலைத்திருக்கிறாள். 'முதலாளி செலவு' என்று புதிதாக ஒரு தலைப்பு போட்டு எல்லாவற்றையும் அதில் தள்ளினாள். ஆப் கூட்டிச் சொன்னது: எண்பத்தெட்டாயிரத்து நானூற்று அறுபது.

தன் கை ஓட்டையில்லை என்று தெரிந்த அந்த நிமிஷம் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

மறுநாள் கணவரையும் கூட்டிக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனாள். அவர் முதலில் மழுப்பினார். "அதெல்லாம் அப்பப்பவே கழிச்சிருப்போமேம்மா."

"கழிச்சா வாடகை குறைஞ்சிருக்கணுமே ஐயா? பாருங்க, முப்பது மாசம், ஒரே தொகை." போனை நீட்டினாள். "டயர் பில்லு இது. இது பேட்டரி. மெக்கானிக் அனுப்புன எல்லா பில்லும் போன்ல இருக்கு. மொத்தம் எண்பத்தெட்டாயிரத்து நானூத்து அறுபது. எங்கிட்ட இருக்கறது முப்பத்தோராயிரம்."

முதலாளியின் மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை வாங்கினாள். ஒவ்வொரு பில்லாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பிறகு தன் கணவரை நிமிர்ந்து பார்த்தாள். "சைலன்சர் விழுந்த அன்னைக்கு 'நீயே போட்டுடு'ன்னு நீங்க போன்ல சொன்னப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். அந்தப் பொண்ணு காசுல வண்டி ஓடியிருக்கு. மண்டிக்காரர்கிட்ட வேற வண்டி பாக்கச் சொல்லுங்க."

முதலாளி தலையைச் சொறிந்தார். "சரிம்மா, முன்பணத்துல கழிச்சுக்கோ. முப்பத்தோராயிரமும் அதுவும் சேந்தா... ஐநூத்து நாப்பது குறையுது. அது கெடக்கட்டும் விடு."

"விட மாட்டேன் ஐயா. விட்டு விட்டுத்தானே இந்த வினை" என்றாள். முப்பத்தோராயிரத்தைப் போனிலேயே அனுப்பினாள். கணவர் அவசர அவசரமாகப் பையைத் துழாவி ஐநூற்று நாற்பதை எண்ணி மேஜையில் வைத்தார். "இந்தக் கையை ஓட்டைன்னு சொன்ன வாய்க்கு அபராதம்" என்றார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பத்து வருஷக் கேலிக்கு அது போதாதுதான், ஆனாலும் அன்றைக்கு மன்னித்துவிட்டாள்.

முதலாளி எழுந்தார். ஒரு வண்டியை விற்றால் சாவியைக் கையில் கொடுத்தால்தான் விற்ற மாதிரி இருக்கும் என்று சட்டைப் பையைத் தொட்டார், அலமாரியைத் திறந்தார், மனைவியைப் பார்த்தார். சாவி எப்படி இருக்கும் அங்கே? மூன்று வருஷமாக அது அவளிடம்தானே இருக்கிறது!

"அந்தச் சாவியக் கொஞ்சம் குடும்மா" என்றார். அவள் கொடுத்தாள். வாங்கி ஒரு நிமிஷம் வைத்திருந்துவிட்டு, இரண்டு கையாலும் அதை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.